தாத்தாவின் பாய்

நாம் குடியிருக்கும் ஈஜிபுரா, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3000 அடி மேலே இருப்பது. பெங்களூரின் இப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு, கடல்தான் இல்லை.

சென்ற ஆண்டு வீடு மாற்ற நேர்ந்தது. சாமான்களைக் கட்டும்போது அன்னையாரின் இரும்புப் பெட்டியின் அடியில் செம்பழுப்பு நிறத்தில் தடித்த துணியொன்று கிடந்தது. தரை துடைக்க ஆகுமென்று ஒதுக்கி வைத்தோம். அன்னையார் பதறிவிட்டார். "அது உன் தாத்தாவின் பாயடா!" என்றார்.

"படுக்கிற பாயா, பாட்டி?" என்று வினவினான் நம் மகன். அவனுக்கு விளக்க நமக்கே தெரியவில்லை. பரம்பரைத் தொழிலை அவ்வளவு விரைவில் மறந்திருந்தோம். ஆகவே விடுமுறையில் அத்துணியுடன் தரங்கம்பாடிக்குப் பயணமானோம்.

இரவு வண்டியில் மயிலாடுதுறை, அங்கிருந்து பேருந்து. டேனிஷ்காரர் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் கரையில் நிற்கிறது. அப்பால் மணலில் இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகுகள் வரிசையாக இருந்தன. பாய் விரித்த படகு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

அன்னையாருக்கு அண்ணன் முறையான முதியவர் துணியை வாங்கித் தடவிப் பார்த்தார். "பருத்தி, மாப்பிள்ளை. மரப்பட்டையைக் காய்ச்சி அந்தத் துவர்ப்பு நீரில் தோய்த்தது. இல்லாவிட்டால் ஈரத்தில் மட்கிப் போகும்," என்றார். கட்டுமரத்தில் செல்கையில் பாயின்மேல் கடல்நீரை வாரி இறைப்பார்களாம். நனைந்த நூல் பருத்து இழைகளின் இடைவெளி அடைபடும், காற்று ஒழுகாது.

பாய்க்கு வேண்டிய குணங்கள் இவையே: கனம் கூடாது, காற்று ஒழுகக் கூடாது, இழுத்தால் நீளக் கூடாது, எளிதில் மட்கக் கூடாது. உலகோர் இவற்றை வெவ்வேறு பொருள்களில் தேடினர். பசிபிக் தீவினர் தாழையோலையைப் பாயாக முடைந்து மரத்தில் ஏற்றினர். படுக்கும் பாய்க்கும் படகின் பாய்க்கும் நம் மொழியில் ஒரே பெயர் இருப்பது ஈண்டு எண்ணத்தக்கது. ஐரோப்பியர் ஆளிச்செடி நாரிலும் சணலிலும் கித்தான் நெய்தனர். 1851-இல் 'அமெரிக்கா' என்னும் படகு பருத்திப் பாயுடன் ஆங்கிலேயப் படகுகளைப் பந்தயத்தில் வென்றது. ஆளிநார்ப் பாயைவிட அது குறைவாகவே தளர்ந்தது. 1941-இல் இங்கிலாந்தில் பாலியெஸ்டர் இழை கண்டுபிடிக்கப்பட்டபின் பருத்திப் பாயும் மெல்ல மறைந்தது. புதிய இழை நீரில் மட்குவதில்லை. ஆனால் நாள்பட்ட வெயில் அதனையும் நலிவிக்கும்.

பெரியவர் பாயின் ஓரத்திலிருந்த இரட்டைத் தையலைக் காட்டினார். "இது உன் பூட்டன் கைத்தையல், பேரா. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன்," என்றார். மகன் அத்தையல்களை ஒவ்வொன்றாக எண்ணலானான். அன்னையார் கடலை நோக்கித் திரும்பிக்கொண்டார்.

விடைபெறுகையில், "மடித்தே வைக்காதீர்கள். அவ்வப்போது உதறிக் காயவிடுங்கள்," என்றார் அவர்.

இப்பொழுது ஈஜிபுராவில் மழை ஓய்ந்ததும் மொட்டைமாடிக் கொடியில் அப்பாய் காய்கிறது. காற்று வீசினால் புடைக்கிறது. மகன் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அன்பர்களே, நும் வீட்டுப் பழம்பெட்டியிலும் இத்தகைய பொருள் இருக்கலாம். எறியுமுன் பெரியோரை ஒரு சொல் கேளுங்கள். நாம் கேளாதிருந்தால் தாத்தாவின் பாய் தரை துடைத்தே தீர்ந்திருக்கும்.