கூடவே வந்த சாக்கடை

மழைக்காலம் வந்தால் எங்கள் ஆபீஸில் லீவுக்கு ஆளுக்கொரு காரணம். ஒரு நண்பருக்கு இதுவரை மூன்று பாட்டிகள் காலமாகிவிட்டார்கள்! அதையெல்லாம் நம்பிய நாங்கள், பெருக்கித் துடைக்கிற அக்கா சொன்னதை மட்டும் நம்பவில்லை.

“கக்கூஸ் தண்ணி பொங்கி வீட்டுக்குள்ள வருது சார்!”

ரெண்டு நாள் சம்பளம் கட். ரெஜிஸ்டரில் எழுதியது அடியேன்தான். மனசு உறுத்த, ஒரு சனிக்கிழமை செம்மஞ்சேரிக்கு பஸ் ஏறினேன்.

டைடல் பார்க் தாண்டினால் பழைய மகாபலிபுரம் ரோடு ஜோர்தான். வழியெல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள். மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறிய பெருமைக்குரியது. குப்பைமேடும் கட்டடங்களும் தின்றது போக மிச்சம்! தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளத்தில் கடல் சேர வேண்டும். பெருமழையில் அது சீக்கிரம் வடிவதில்லை.

சோழிங்கநல்லூருக்கு அடுத்து செம்மஞ்சேரி. ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசை வரிசையாகக் குடியிருப்புகள். சென்னைக்குள் குடிசைகளில் இருந்தவர்களையும், 2004 சுனாமியில் வீடிழந்தவர்களையும் கொண்டுவந்து குடிவைத்த இடம். அதுவும் தாழ்வான இடம். 2015-லும் 2023-லும் வெள்ளத்தில் தத்தளித்தது. மழைநீர் மேன்ஹோலில் புகுந்து குழாய் நிரம்பி, பம்ப்பும் திணறினால் கழிவுநீர் வந்த வழியே திரும்பும். முதலில் எட்டிப் பார்ப்பது தரைத்தள வீட்டில்!

அக்கா வீடு தரைத்தளம். சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறை. செங்கல் மேல் கட்டில், ஆணியில் பிள்ளையின் ஸ்கூல் பை. டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“கூவம் கரையில இருந்தப்போ சாக்கடை வெளியில ஓடிச்சு சார். நல்ல இடத்துக்குக் கூட்டிட்டுப் போறோம்னாங்க. இங்க அதுக்கும் சேர்த்து வீடு குடுத்துட்டாங்க!”

அவர் சிரித்தார். எனக்கு டீ இறங்கவில்லை.

மழை யாரிடமும் பாரபட்சம் பார்ப்பதில்லை. எந்தப் பள்ளத்தில் யாரைக் குடிவைப்பது என்று முடிவு செய்கிறவர்கள்தான் பார்க்கிறார்கள். சம்பளத்தில் பிடிக்கிற என்னைப் போன்றவர்களும்தான்.

திங்கட்கிழமை முதல் வேலையாக ரெஜிஸ்டரைத் திருத்தினேன். “என்னய்யா காரணம்?” என்றார் மேனேஜர்.

“வீட்டுக்குள் சாக்கடை ஸார். நேரில் பார்த்தேன்!”

கையெழுத்துப் போட்டார். செம்மஞ்சேரிக் குழாயைத் திருத்த வேண்டிய கையெழுத்து எந்த மேஜையில் இருக்கிறதோ, அவரும் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினால் தேவலை.