பிச்சி அவிழும் நேரம்

எம்.ஏ. தமிழ் முதல் பருவத்தில் ஐயா எங்களை வாங்கி வரச் சொன்ன முதல் பொருள் பென்சில். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையை விரித்து வைத்து, பொருள் எதுவும் சொல்லாமல், வினைகளுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள் என்றார். மொத்தம் 188 அடி. பக்கம் பக்கமாகக் கோடு போட்டுவிட்டேன். "இதுல எது எச்சம், எது முற்று? யாரு செஞ்ச வினை எங்க போயி முடியுது?" என்று கேட்டார். வாயைத் திறக்க முடியவில்லை. "தமிழ் தெரியும்னு தான தமிழ் எடுத்த?" என்றார். தெரியும் என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

பி.ஏ.வில் நான் படித்தது கைடு. பாட்டுக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் ஒரு கருத்துரை இருந்தது. எம்.ஏ.வில் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். சந்தியைப் பிரி, பதத்தைப் பிரி, எழுவாயைத் தேடு, அப்புறம் ரசி. ரசிப்பதற்குள் பெரும்பாலும் மணி அடித்துவிடும்.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே, கள்ளிக்குடிப் பக்கம். கரிசல் காடு, மானாவாரிப் பருத்தி. தமிழ் படித்து என்ன வேலைக்குப் போவாய் என்று அப்பா கேட்டபோது, மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் தொடங்கியபோது முதல் துணைவேந்தர் தெ.பொ.மீ., அவருக்கு அடுத்து மு.வ., பிறகு வ.சுப. மாணிக்கம், எல்லாரும் தமிழ் படித்தவர்கள்தாம் என்று பட்டியல் போட்டேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த வேலை இப்ப எத்தன காலியா இருக்கு?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கௌரவ விரிவுரையாளராக வகுப்பெடுக்கிறேன்; கௌரவம் பதவியின் பெயரில் இருக்கிறது.

உரைக்கு வருகிறேன். பத்துப்பாட்டை உ.வே.சா. 1889-இல் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். மதுரை ஆசிரியர் பாரத்துவாசி நச்சினார்க்கினியர் என்பது அந்த உரைகாரரின் முழுப் பெயர், நம்மூர்க்காரர். ஓரடியில் இருக்கும் சொல்லைப் பல அடி தாண்டித் தூக்கிப்போய் வேறொரு சொல்லோடு முடிச்சுப் போடுவார். முதல்முறை பார்க்கிற மாணவருக்கு இது அக்கிரமமாகத்தான் தெரியும். மறைமலையடிகளுக்கும் அப்படித்தான் தெரிந்தது. 1903-இல் வெளிவந்த முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் இந்த முறையைக் கடுமையாக மறுத்து, பாட்டு நடக்கிற வரிசையிலேயே பொருள் கொண்டார். மாணவியாக இருந்தபோது நான் அடிகள் கட்சி. பாடம் நடத்தத் தொடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உரைகாரர் பக்கம் சாய்ந்துவிட்டேன். சொற்களை அவர் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார் என்று விரல் வைத்துத் தேடுகிற பிள்ளை, பாட்டை நாலு தடவையாவது படித்துவிடுகிறது.

நெடுநல்வாடை அகமா, புறமா என்பது தேர்வில் தவறாமல் வரும் கேள்வி. தலைவன் பாசறையில், தலைவி அரண்மனையில் உறக்கமின்றி. யார் பெயரும் பாட்டில் இல்லை. அப்படியானால் அகம்தானே? ஒரு வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியன் பூ. அடையாளம் சொல்லியாயிற்று, ஆகவே புறம் என்றார் நச்சினார்க்கினியர். 188 அடியையும் ஒரு வேப்பந்தார் திசை திருப்பிவிட்டது! இதைப் பத்து மதிப்பெண் விடையாக மனப்பாடம் செய்தபோது எனக்குப் புல்லரிக்கவில்லை. பாட்டில் வேம்பு எங்கே வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்த அன்றுதான் புல்லரித்தது.

பாட்டின் தொடக்கத்தில் மழைக்கு அஞ்சி மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிப்போகும் இடையர்கள் நெருப்பில் கை காய்ந்தும் குளிர் விடாமல் நடுங்குவார்கள். "கூதிர்னா என்ன?" என்றார் ஐயா. குளிர்காலம் என்றேன். "அது புத்தகம் சொல்றது. ஒங்க ஊர்ல என்ன சொல்லுவீங்க?" கூதல். கூதக்காத்து. என் தாத்தா கிடை ஆடு மேய்த்தவர். ஐப்பசி அடைமழையில் கரிசல் சேறு காலைப் பிடித்து இழுக்க, கிடையைப் பெயர்த்து மேட்டுக்குக் கொண்டுபோவார். ஈர விறகு புகைந்துகொண்டிருக்கும். சணல் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, "கூதலு கொல்லுது தாயீ" என்பார். அதைக் கண்ணால் பார்த்த நான், அசைன்மென்ட்டில் "இடையர்கள் குளிரால் பெரிதும் துன்புற்றனர்" என்று எழுதி வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து ஊர்ப் பேச்சை வைத்தே எல்லாவற்றையும் திறந்துவிடலாம் என்று ஒரு திமிர் வந்தது. அடுத்த வாரமே அடி விழுந்தது. பாட்டில் வரும் பித்திகத்தை மல்லிகை என்று எழுதினேன். மதுரை என்றால் மல்லிதானே! ஐயா சிவப்பு மையில் 'பிச்சி' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

போன ஐப்பசியில் அதே பகுதியை நான் நடத்தினேன். மழை மூட்டத்தில் பொழுது தெரியாததால், தட்டில் இட்ட பிச்சி அரும்பு அவிழும் மணத்தை வைத்து அந்தியை அறிந்து மகளிர் விளக்கேற்றுகிறார்கள். அழகான கற்பனை என்றான் ஒரு பையன். பின் பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். அம்மா பூக்கட்டுகிறவர், இவளும் விடிகாலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வகுப்புக்கு வருகிறவள். "கற்பன இல்லம்மா. அரும்பாத்தான் வாங்கியாருவோம். சாயங்காலம் அதுவா விரிஞ்சிரும். அதுக்குள்ள கட்டி வித்தாகணும், விரிஞ்சா யாரும் வாங்க மாட்டாங்க" என்றாள்.

மறுநாள் வாழை இலையில் ஒரு கை அரும்பு மடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வெளியே தூறல். செம்மண் நிறத்தில் காம்பு, நுனி முறுக்கியபடி அரும்பு. பாடம் முடிந்தும் ஒன்றுகூட அவிழவில்லை. மூன்றரைக்கு மணி அடித்தது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பிள்ளைகள் கலைந்தார்கள். அவள் இலையை மடித்து எடுத்துப் போனாள்.

இரவு வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள்: "ஆறே முக்காலுக்கு விரிஞ்சுச்சும்மா. வீடே மணக்குது. ஆனா தெருவெளக்க ஆறு மணிக்கே போட்டுட்டாங்க."