நியூயார்க்கிலிருந்து ஜித்தா எவ்வளவு தூரம்?

அமெரிக்காவின் நியூயார்க் நகரில், மன்ஹாட்டன் பகுதியின் 96ஆம் தெருவில் பெரியதொரு பள்ளிவாசல் இருக்கிறது. 1991இல் திறக்கப்பட்டது. சுற்றியுள்ள மாளிகைகள் யாவும் தெருவுக்கு நேராக அணிவகுத்து நிற்க, இப்பள்ளிவாசல் மட்டும் 29 பாகை திரும்பி நிற்கும். கிப்லாவுக்காக ஏற்பட்ட திருப்பம் அது. அது எத்திசையை நோக்குகிறது என்று கேட்டால் வியப்படைவீர்கள்: வடகிழக்கு!

மக்காவோ நியூயார்க்கைவிடத் தெற்கே அமைந்த நகரம். சுவரில் தொங்கும் உலகப்படத்தில் இரண்டையும் அளவுகோலால் இணைத்தால் கோடு தென்கிழக்காகவே இறங்கும். வட அமெரிக்காவில் குடியேறிய முஸ்லிம்களிடையே இதனால் நெடுநாள் கருத்து வேற்றுமை நிலவியது. ஒரு சாரார் வடகிழக்கு என்றனர். மறு சாரார் தென்கிழக்கு என்றனர். தொழுகை பற்றிய விஷயமாதலால் எளிதில் ஓயவில்லை.

உங்கள் பிள்ளைகளின் பூகோள உருண்டையைச் சற்று எடுத்து வாருங்கள். நியூயார்க்கில் நூலின் ஒரு முனையை வைத்து, மறுமுனையை மக்காவின் வாசலாகிய ஜித்தாவுக்கு இழுத்து, தொய்வில்லாமல் பிடியுங்கள். நூல் தானாகவே வடகிழக்காகக் கிளம்பும். கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தென்கரையை ஒட்டி அட்லாண்டிக் கடலைத் தாண்டும். பிரான்சையும் இத்தாலியையும் கடந்து, எகிப்தினுள் நுழைந்து, செங்கடலில் இறங்கும். உருண்டையின் மீது மிகக் குறுகிய வழி இதுவே. தட்டையான படம் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

உருண்டையின் குறுக்களவு 30 சென்டிமீட்டராயின், நூலின் நீளம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் வரும். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். உருண்டையின் சுற்றளவோ 94 சென்டிமீட்டர். வகுத்துப் பெருக்கினால் 10,200 கிலோமீட்டர் கிடைக்கும். விமானிகளின் கணக்கு இன்னும் எளிது. ஒரு பாகைக்கு 60 கடல் மைல். ஒரு கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர். இவ்விரு நகரங்களுக்கும் இடையே 92 பாகை. பெருக்கிப் பாருங்கள், அதே தொகைதான். உலகப்படத்தின் நேர்கோட்டையே பிடித்துப் பறந்தால் 600 கிலோமீட்டருக்கு மேல் வீணாகும்.

விமானம் கனவிலும் இல்லாத காலத்தில் இத்தகைய கணக்கில் ஈடுபட்டவர் அபூ ரைஹான் அல்பீரூனி. கஜ்னா நகரின் கிப்லாவைத் துல்லியமாக அறிவதற்காக, பக்தாதுக்கும் கஜ்னாவுக்கும் இடைப்பட்ட ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை ஒவ்வொன்றாகக் கணித்து, 1025இல் ஒரு நூலை எழுதி முடித்தார். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபிலுள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை அளந்தார். அதன் உச்சியிலிருந்து தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பதையும் அளந்தார். இவ்விரண்டு அளவுகளைக் கொண்டே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். நமது மதரஸாக்களில் அவர் பெயரையேனும் சொல்லித் தரலாகாதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி ஒன்று. நூல் காட்டும் தூரத்தை விமானம் அப்படியே பறப்பதில்லை. அட்லாண்டிக்கின் மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காகக் கடுங்காற்று ஓடுகிறது. ஜித்தா செல்லும் விமானம் அதன்மீது ஏறிக்கொள்ள வழியைச் சற்றே மாற்றும். திரும்பும் விமானமோ அதனைத் தவிர்க்க விலகிச் செல்லும். ஆகவே உம்ராவுக்குச் சென்ற நியூயார்க்வாசி ஊர் திரும்பும்போது, தூரம் அதுவேயாயினும், கூடுதல் நேரம் விமானத்தில் அமர்ந்திருக்க வேண்டும்.