சேவலை அடித்த பிறகும்...

புனே வந்து ஏழு வருஷம், கல்யாணமாகி ஆறு. ஊருக்குப் போன் போட்டால் மூணாவது கேள்வி என்னன்னு உங்களுக்கே தெரியும். போன வாரம் பெரியம்மா போனை வாங்கி, "அவளை நல்ல டாக்டரா பாத்துக் காட்டுப்பா" என்றார். அவளை! ரிப்போர்ட்டில் எண்ணிக்கை குறைவு என்று இருந்தது எனக்கு. சொல்ல வாய் வரவில்லை. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த தங்கமணி பேசாமல் சப்பாத்தி உருட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை ஐ.யு.ஐ. செய்யப் போனோம். டப்பாவைக் கொடுத்தபின் ரெண்டு மணி நேரம் காத்திருக்கணுமாம். ஏன் என்று என் அரைகுறை இந்தியில் லேப் பெண்ணைக் கேட்டேன். "கழுவணும் சார்."

கழுவுவதா? வீட்டுக்கு வந்து படித்தேன். பத்தாம் வகுப்பில் நமக்குச் சொன்ன ஓட்டப்பந்தயக் கதை பாதிதான் மக்களே. வெளியே வந்த விந்தணுவுக்கு உடனே கருமுட்டையைத் துளைக்கும் திறன் கிடையாது. பெண்ணின் உடம்புக்குள் சில மணி நேரம் இருந்தால்தான் அது வரும். 1951ல் அமெரிக்காவில் எம்.சி.சாங், ஆஸ்திரேலியாவில் சி.ஆர்.ஆஸ்டின் என்று ரெண்டு பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கேதான் விந்தணுவின் மேல்பூச்சு கழன்று, அதன் சவ்விலிருந்து கொலஸ்ட்ரால் வெளியேறி, வால் சாட்டை மாதிரி வீசத் தொடங்குகிறது. பசு, பன்றியில் இன்னும் அழகு. கருக்குழாயின் உள்சுவர் செல்கள் விந்தணுவைத் தலையோடு பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஒட்டியிருப்பது அதிக நேரம் உயிரோடு இருக்கிறது. முட்டை வரும் சமயத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடுகிறது. மனுஷனில்கூட உள்ளே 5 நாள் வரை தாங்குமாம்.

கோழி இதிலெல்லாம் கில்லாடி. எங்க ஊரில் தீபாவளிக்குச் சேவலை அடித்த பிறகும் பத்து நாள் போட்ட முட்டை பொரிக்கும். அப்பத்தா அதை நம்பித்தான் அடை வைப்பார். முட்டைக்குழாயில் விந்தணுவைச் சேமிக்கும் குட்டிக்குட்டிப் பைகள் இருப்பது அவருக்குத் தெரியாது, ஆனால் கணக்கு தப்பாது :-)

லேபில் கழுவி, 37 டிகிரியில் ஆல்புமின் கலந்த திரவத்தில் வைத்திருந்தது, இவள் உடம்பு சும்மா செய்கிற வேலையில் ஒரு பகுதி. அதற்குத்தான் பில் போட்டிருந்தார்கள். அதை அவளிடம் சொன்னபோது, "இதை உங்க பெரியம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள்.

ராத்திரி போட்டேன். "குறை எங்கிட்டதான் பெரியம்மா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சாப்டியாப்பா?" என்றார்.