மண் பார்த்துக் குடியேறும் தவளை

காஞ்சிபுரம் போய், வரதராஜப் பெருமாள் கோயில் பல்லியைத் தொடாமல் திரும்பியவர் உண்டா? தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி இரண்டையும் வரிசையில் நின்று நானும் தொட்டேன். ஆனால் நான் தேடிப் போனது பல்லியை அல்ல, தவளையை!

சிரிக்காதீர்கள். "காஞ்சிபுரம் கோயிலைப் பற்றி எழுதியாயிற்று, பட்டைப் பற்றி எழுதியாயிற்று, இட்லியைக்கூட விடவில்லை. எழுத இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து வாரும்!" என்று ஆசிரியர் உத்தரவு போட்டுவிட்டார். ஐப்பசி மாதம், அடைமழை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் காதில் விழுந்தது பிரமாதமான தவளைக் கச்சேரி. விஷயம் கிடைத்துவிட்டது!

"மழை பெய்தால் தவளை கத்தும். இதில் என்ன அதிசயம்?" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மழை வந்து கூப்பிடத்தான் கூப்பிடும். தவளைக்கு வீடு கொடுப்பது மண்ணும், அந்த மண்ணின் மேடு பள்ளமும்தான். இதைத் தெரிந்துகொள்ளக் காஞ்சியைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்குமா? பஞ்சபூதத் தலங்களில் காஞ்சி மண்ணுக்கு உரியது அல்லவா? காமாட்சி அம்மன் மாமரத்தடியில் மணலைப் பிடித்து லிங்கமாக்கிப் பூஜித்தாள் என்பது ஏகாம்பரநாதர் கோயில் வரலாறு.

கோயிலிலிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தேன். பட்டு நெசவாளர் குடியிருக்கும் பகுதி. ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். குழித்தறி என்றால் தெரியுமல்லவா? தரையில் குழி வெட்டி, அதற்குள் கால் வைத்து மிதித்து நெய்வது. மண்ணின் ஈரம் பட்டு இழைக்கு நல்லது. ஆனால் அடைமழையில் குழிக்குள் தண்ணீர் ஊறிவிட்டால் வேலை நின்றுபோகும்.

"தவளையைப் பற்றி எழுதவா வந்திருக்கீங்க, தம்பி?" என்று பெரியவர் சிரித்தார். "முன்னெல்லாம் மழை நாளில் இந்தக் குழிக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும். எடுத்து வெளியே விட்டுட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கணும். இப்போ தெருவெல்லாம் சிமெண்டு. அது எங்கே வரும்? அது கத்தினா என் தறிக்கு லீவு. ஆனா கத்தாமலே போயிட்டா, ஊருக்குக் குடிக்கத் தண்ணி இருக்காதுங்க!"

பெரிய விஞ்ஞானத்தை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் பெரியவர். அது எப்படி என்று பார்க்கப் பாலாற்றுக்குப் புறப்பட்டேன்.

பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணல் வெளிதான். கர்நாடகத்து நந்தி மலைப் பக்கத்தில் பிறக்கும் இந்த ஆறு, மேலே ஓடுவதைவிட மணலுக்குள் ஓடுவதே அதிகம். அந்த ஈரம்தான் ஊற்றுக்கால்களாக வெட்டப்பட்டு வயல்களுக்குப் பாய்ந்தது. மேலே சுடும், உள்ளே குளிரும் இம்மாதிரி மண்ணை நம்பிப் பிழைப்பது நுணல். தன் வாயாலேயே கெட்டுப்போகும் அந்த நுணலைப் பழமொழியில் கேட்டிருப்பீர்கள். அது மணலுக்குள் மறைந்து கிடப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறது 'பழமொழி நானூறு'. பின்னங்காலில் மண்வெட்டி போல ஒரு கெட்டியான புடைப்பு. அதனால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாகவே இறங்கிவிடும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோலால் ஈரத்தை உறிஞ்சுகிறது. ஆகவே கோடை முழுவதும் ஈர மணல்தான் அதற்குத் தண்ணீர்ப் பந்தல்.

ஆனால் மணலில் குழந்தை வளர்க்க முடியுமா? தண்ணீர் நிற்காதே! பாலத்தைத் தாண்டி வந்தவாசிச் சாலையில் மாமண்டூர் ஏரிக்குப் போனேன். பல்லவ மகேந்திரவர்மன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஏரி அது. பக்கத்துக் குன்றில் குடைவரைக் கோயில்கள். குன்றில் விழும் மழை வழிந்து பள்ளத்துக்கு வருகிறது, பள்ளத்தில் களிமண், களிமண் தண்ணீரை விடாது. முட்டை தலைப்பிரட்டையாகி, தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கும் வரையில் தண்ணீர் நிற்க வேண்டுமே! மணலில் வசிக்கும் தவளையும் மழைக்காலத்தில் இப்படித் தண்ணீர் தேங்கும் இடத்துக்குத்தான் வந்து கத்துகிறது. ஆக, அதற்கு வேண்டியது ஒரு மண் அல்ல, இரண்டு மண். குடியிருக்க மணல், பிள்ளை பெறக் களி. இரண்டும் தத்திப் போகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது, சென்ற வருஷம் வால்பாறையில் அட்டைக்கடியோடு பார்த்த மழைக்காடு நினைவுக்கு வந்தது. அங்கே மழைக்குப் பஞ்சமில்லை. அப்படியானால் எந்தத் தவளையும் எங்கும் இருக்கலாமே? அதுதான் இல்லை! அங்கும் மண்ணும் மலைச் சரிவுமே இடம் ஒதுக்கிக் கொடுக்கின்றன.

மக்கிய இலை மெத்தை போலக் கிடக்கும் ஈரத் தரையில் சில புதர்த் தவளைகளுக்குக் குளமே வேண்டாம். முட்டைக்குள்ளேயே தலைப்பிரட்டைப் பருவம் முடிந்து, கடுகத்தனை தவளைக் குஞ்சாகவே வெளியே வருகின்றன. பாறையில் இரைந்து விழும் ஓடையருகே வசிப்பது நடனத் தவளை. அருவிச் சத்தத்தில் தன் குரல் எடுபடாதென்று, பின்னங்காலை நீட்டி விரித்துக் கொடி போல ஆட்டுகிறது! மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 14 புதிய இனங்களை 2014-ல் அறிவித்தார்கள். இவற்றில் ஒன்றின் தலைப்பிரட்டைகள் ஓடை மணலுக்குள் புதைந்து வாழ்வதை 2016-ல் கண்டறிந்தார்கள். மலையில் ஒரு பள்ளம் குறுக்கிட்டால்கூடப் போதும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ள மலைத் தவளைகளில் பல இனங்கள் தெற்கே இல்லை. தாழ்ந்த, சூடான அந்த இடைவெளியை அவற்றால் தாண்ட முடிவதில்லை.

எல்லாவற்றிலும் விசித்திரம், 2003-ல் உலகுக்கு அறிமுகமான ஊதாத் தவளை. உப்பிய உடம்பு, கூரிய மூக்கு. அதன் நெருங்கிய உறவினர்கள் இருப்பதோ கடல் கடந்த சீஷெல்ஸ் தீவுகளில்! வருஷம் முழுவதும் பொலபொலவென்ற ஈர மண்ணுக்குள் கறையான் தின்று கிடக்கிறது. மழை வந்ததும் சில நாள் மட்டும் வெளியே வந்து ஓடைப் பாறைக் குழிகளில் முட்டையிடுகிறது. தலைப்பிரட்டைகள் வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு வெள்ளத்தில் தாக்குப்பிடிக்கின்றன. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பக்கத்திலும் இதன் சகோதர இனம் ஒன்று கிடைத்தது. அதற்கு மறைந்த விஞ்ஞானி பூபதியின் பெயரை 2017-ல் சூட்டினார்கள்.

கவனித்தீர்களா? மலையில் மெல்லிய மண்ணும் பாறை ஓடையும். சமவெளியில் மணலும் களிமண் ஏரியும். ஊர் வேறு, கதை ஒன்றுதான். இரண்டு வீட்டில் ஒன்று போனால் மற்றொன்று இருந்தும் பயனில்லை. காட்டை வெட்டி இலை மெத்தை காய்ந்தால் அங்கே போயிற்று. ஆற்று மணலை லாரியில் ஏற்றி, ஏரிக்குள் மனைக்கல் நட்டால் இங்கே போயிற்று. 1987-ல் தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்து தவளையைக் கத்தியிலிருந்து காப்பாற்றினோம். வீட்டைக் காப்பாற்றினோமா?

தவளையின் வீட்டுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்றால், அந்த இரண்டு வீடுகளும்தான் நம் தண்ணீர்ப் பெட்டிகள். ஆற்று மணல் கிணற்றுக்கு ஊற்று. ஏரிக்களி வயலுக்குப் பாய்ச்சல். பிள்ளையார்பாளையத்துப் பெரியவர் சொன்னதன் பொருள் இதுதான்.

இருட்டியது. முதலில் ஒரு குரல், பிறகு பத்து, பிறகு ஏரி முழுவதும்! எனக்குப் பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். நான் பொத்திக்கொள்ளவில்லை.

அடுத்த தடவை காஞ்சிக்குப் போனால் பல்லியைத் தொடுங்கள், பட்டு எடுங்கள். மழைக்காலமாக இருந்தால், மாலையில் அரைமணி நேரம் ஓர் ஏரிக்கரையில் போய் உட்காருங்கள். கச்சேரி நடக்கிறதா என்று கேளுங்கள். நடந்தால் சந்தோஷப்படுங்கள், மண் இன்னும் மண்ணாகவே இருக்கிறது என்று அர்த்தம்!