கலைஞர் வருகிறார், எந்தத் தெரு வழியாக?

கிராமத்துத் திருவிழா ஒன்றுக்கு வெளிநாட்டுக் கலைஞர்களை அழைப்பது, அந்த மண்ணிலேயே தங்கவைத்து அந்த இடத்துக்கென்றே ஒரு படைப்பைச் செய்யச் சொல்வது, இன்று பல நாடுகளில் நடக்கிறது. இதற்கு முன்னோடியாகப் பலரும் காட்டுவது ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில் உள்ள எச்சிகோ-சுமாரி. அதே மாதிரியில் ஒரு யோசனை எங்கள் பகுதிக்கும் வந்திருக்கிறது. அதனால் எங்கள் வாசிப்பு வட்டத்தில் சில வாரங்கள் இதைப் பற்றிப் படித்தோம், விவாதித்தோம், சண்டையும் போட்டோம். இந்தத் துறையில் களப்பணிக்கு வரப்போகும் தோழர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

எச்சிகோ-சுமாரி சுமார் 760 சதுர கிலோமீட்டர் மலைப்பகுதி. தோகாமாச்சி நகரமும் சுனான் என்ற சிற்றூரும் அதில் அடங்கும். குளிர்காலத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிப் பனி கொட்டும். இளைஞர்கள் தோக்கியோவுக்குப் போய்விட, படிக்கட்டு வயல்களோடு முதியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். வீடுகள் பூட்டப்பட்டன, பள்ளிகள் மூடப்பட்டன. அதே மாகாணத்தில் பிறந்த கிதாகாவா ஃப்ராம் என்பவர் 2000-இல் அங்கே மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைத் திருவிழாவைத் தொடங்கினார். ஊர்க்காரர்கள் பலர் முதலில் எதிர்த்தார்கள். பொதுப்பணத்தை நவீன கலைக்கு ஏன் செலவிட வேண்டும் என்று கேட்டார்கள். தன்னார்வ இளைஞர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசினார்கள்.

அந்த முதல் விழாவுக்கு சோவியத் மண்ணில் பிறந்த இல்யா கபகோவும் எமிலியா கபகோவும் வந்தார்கள். மாட்சுடாய் என்ற இடத்தில் படிக்கட்டு வயல்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வயலின் சொந்தக்காரர் ஒரு முதிய விவசாயி. விவசாயத்தையே விட்டுவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தவர். தன் நிலத்தில் சிலை வைக்க முதலில் அவர் சம்மதிக்கவில்லை. உழுவது, விதைப்பது, நடுவது, அறுப்பது, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோவது என்று தன் உழைப்பையே அந்தப் படைப்பு பேசப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அந்த வயலில் பயிர் செய்தார்.

இந்தக் கதையை எங்கள் வட்டத்தில் சொன்னபோது எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஒரு மாணவி கேட்டார்: "அவரால முடியாதுன்னு சொல்ல முடிஞ்சது ஏன்?" பதில் எளிது. நிலம் அவர் பெயரில் இருந்தது. உலகப் புகழ்பெற்ற கலைஞர் வந்து நின்றாலும், பட்டா வைத்திருப்பவர் வாசலில் காத்திருக்க வேண்டும். நம் சேரிகளில் எத்தனை பேர் குடியிருக்கும் மனையே புறம்போக்கில் இருக்கிறது? எத்தனை பேர் அறுக்கும் வயல் அடுத்தவர் பெயரில் இருக்கிறது? "இடம் சார்ந்த கலை" என்று சொல்லும்போது அந்த இடம் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உழைப்பவரின் உருவத்தைச் சிலையாக வைக்க, நில உரிமையாளரின் கையெழுத்து மட்டும் போதும் என்றால், அந்தக் கலை ஏற்கெனவே இருக்கும் அதிகாரத்தின் மேல் வண்ணம் பூசும் வேலை.

அதே தோகாமாச்சியில் நடந்த இன்னொரு விஷயத்தையும் நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இது அந்தத் திருவிழாவைச் சேர்ந்ததல்ல. மூடப்பட்ட ஒரு பள்ளிக் கட்டடத்தில் இந்தியக் கிராமியக் கலைகளுக்காக மிதிலா அருங்காட்சியகம் நடந்து வந்தது. மத்தியப் பிரதேசத்தின் பாடன்கட் கிராமத்தைச் சேர்ந்த ஜங்கட் சிங் ஷ்யாம் அங்கே ஓவியம் வரைய அழைக்கப்பட்டார். பர்தான் கோண்டு பழங்குடியைச் சேர்ந்தவர். தன் மக்களின் பாட்டில் இருந்த தெய்வங்களையும் விலங்குகளையும் புள்ளியும் கோடுமாகத் தாளுக்குக் கொண்டுவந்தவர். போபால் சட்டமன்றக் கட்டடத்தில் வரைந்தவர். 1989-இல் பாரிஸ் கண்காட்சியில் இடம்பெற்றவர். 2001-இல் அந்த அருங்காட்சியகத்தில் தங்கியிருந்தபோது தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வீடு திரும்ப அவர் ஏங்கியதாகச் செய்திகள் வந்தன. எந்த நிபந்தனையில், என்ன கூலிக்கு அங்கே இருந்தார் என்று இந்தியக் கலைஞர்கள் பலர் கேள்வி எழுப்பினார்கள்.

ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் "சர்வதேசக் கலைஞர்" என்ற ஒரே சொல் எல்லோருக்கும் ஒரே எடையில் விழுவதில்லை என்று சொல்லலாம். ஒருவருக்குப் பின்னால் முகவரும் ஒப்பந்தமும் மொழிபெயர்ப்பாளரும் இருப்பார்கள். இன்னொருவர் மொழி தெரியாத ஊரில் தனியாக உட்கார்ந்து வரைவார். அழைப்பிதழில் இருவரும் விருந்தினர்கள்தான்.

மூன்றாவதாக ஒஷிமா தீவைப் பற்றிப் படித்தோம். தொழுநோயாளிகளை அடைத்துவைக்க 1909-இல் அங்கே ஒரு காப்பகம் தொடங்கப்பட்டது. நோய் குணமாகும் என்று தெரிந்த பிறகும் பல பத்தாண்டுகள் ஜப்பான் அரசு அந்த மக்களை விடவில்லை. இத்தகைய காப்பகங்களில் திருமணம் செய்துகொள்ளக் கருத்தடை நிபந்தனையாக இருந்தது. பிரித்துவைக்கும் சட்டம் 1996-இல்தான் நீக்கப்பட்டது. அரசு செய்தது தவறு என்று 2001-இல் குமாமோட்டோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010-இல் செத்தோ உள்கடல் தீவுகளில் கலைத் திருவிழா தொடங்கியபோது ஒஷிமாவும் அதில் சேர்ந்தது. அங்கே வைத்த காட்சிப் பொருட்களில் ஒன்று, இறந்த நோயாளிகளின் உடலை அறுத்துப் பார்த்த பழைய மேசை. கடலோரத்தில் வீசப்பட்டுக் கிடந்ததை எடுத்துவந்து வைத்தார்கள். ஒதுக்கிவைத்தவர்கள் படகேறி வந்து அதன் முன் நிற்க வேண்டியிருந்தது. கலைஞர் புதிதாக எதையும் செதுக்கவில்லை. மறைக்கப்பட்டதை வெளியே வைத்தார்.

இப்போது எங்கள் பகுதிக்கு வருவோம். ஆடி மாதத் திருவிழாவை ஒட்டி சில வெளிநாட்டுக் கலைஞர்களை வரவழைக்க ஓர் அமைப்பு விரும்புகிறது. சேரி மக்களிடம் பேசிச் சம்மதம் வாங்கித் தர முடியுமா என்று எங்களிடம் கேட்டார்கள். வரைபடத்தைப் பார்த்தோம். கோயில், ஏரிக்கரை, பழைய சத்திரம் என்று பார்வையாளர் நடக்கும் பாதை போட்டிருந்தார்கள். தேர் நிற்கும் இடத்திலேயே பாதையும் நின்றுவிட்டது. சேரியிலிருந்து பறை மட்டும் தொடக்க விழாவுக்கு வர வேண்டுமாம்.

தெருக்கூட்டத்தில் இதைச் சொன்னோம். வட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் வேண்டவே வேண்டாம் என்றார்கள். மூத்த அம்மா ஒருவர் கேட்டார்: "படம் வரையட்டும் கண்ணு, யாரு வேணாம்னா? நம்ம வூட்டுல சோறு தின்னுவாங்களான்னு கேட்டியா?" எச்சிகோ-சுமாரியில் ஊர்ப் பெண்களே சமைத்துப் பரிமாறும் 'உபுசுனா' என்ற பழைய கூரைவீடு இருக்கிறது. அங்கே போகிறவர்கள் அதைப் புகழ்கிறார்கள். நம் ஊரில் யார் சமைப்பது என்று முடிவு செய்தால் சாதி தன் முகத்தைக் காட்டிவிடும். அந்த அம்மா கேட்டதைவிடக் கூர்மையான கேள்வியை எந்தக் கலை விமர்சனத்திலும் நாங்கள் படிக்கவில்லை.

கூட்டத்தில் எடுத்த முடிவை அமைப்புக்கு எழுத்தில் கொடுத்தோம். பாதை இரண்டு தெருக்களையும் கடக்க வேண்டும். பறையடிப்பவர்கள் அழைக்கப்பட்ட கலைஞர்கள். வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் அதே வகை ஒப்பந்தமும் அதே நாள் மதிப்பூதியமும் அவர்களுக்கும் வேண்டும். எங்கள் தெருவில் எடுக்கும் படத்துக்கும் செய்யும் படைப்புக்கும் அங்கே குடியிருப்பவர்களின் சம்மதம் வேண்டும், அதைப் பாதியில் திரும்பப் பெறும் உரிமையும் வேண்டும். விழா நாட்களில் ஒரு வேளைச் சோறாவது சேரிப் பெண்கள் சமைக்க, எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும்.

ஒப்பந்தத்துக்கும் சம்மதத்துக்கும் சரி என்று பதில் வந்துவிட்டது. பாதையைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் பேசிப் பார்க்கிறோம் என்கிறார்கள். பந்தியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அந்தப் பதில் வரும்வரை எங்கள் தெருவிலிருந்து பறை கிளம்பாது.