கூண்டில் ஏறாத ஒருவர்

அந்தமானுக்கு வம்பும் கப்பலேறி வந்த காலம் ஒன்று இருந்தது. சென்னைத் துறைமுகத்தை விட்டால் இங்கு வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள். பத்திரிகைக் கட்டோடு வந்த வம்புக்கும் மூன்று நாள் வயது கூடியிருக்கும். சற்றே சூடு ஆறியிருக்கும். 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி தொடங்கி வைக்கப்பட்டது. நல்ல காரியம். ஆராய்ச்சிக் கட்டுரைகள் நமக்கு நொடியில் கிடைக்கின்றன. வம்பும் அவ்வாறே.

2024 நவம்பர் 19 இரவு, ஏ. ஆர். ரகுமானும் அவர் மனைவியாரும் பிரியப் போவதாகச் செய்தி வந்தது. மறுநாள் காலை எங்கள் விடுதியில் இட்லி தீர்வதற்குள் காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது! ரகுமானுடன் மேடைகளில் வாசித்த கலைஞர் ஒருவரும் அதே சமயத்தில் தம் மணமுறிவை அறிவித்திருந்தார். அது போதாதா? இரண்டு செய்திகளையும் ஒன்றாக முடிந்து ஊர் ஒரு கதை கட்டிற்று. மறுப்பு வந்தது, வக்கீல் நோட்டீசும் வந்தது. கதை மட்டும் போகவில்லை.

இந்தப் பசி இன்று பிறந்ததா? இல்லை. 1943ஆம் ஆண்டு சென்னையில் சி. என். லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். மோசடி வழக்கில் தண்டனை பெற்று நம் அந்தமான் வரை அனுப்பப்பட்டவர் என்று அவரைப் பற்றி எழுதியோர் கூறுவர். நடிகர் நடிகையரின் அந்தரங்கமே அவர் ஏட்டின் சரக்கு. போர்க்காலம், காகிதத்துக்குக் கடும் பஞ்சம். ஆயினும் அந்த ஏடு விற்றது. தம்மைப் பற்றி எழுதாதிருக்கப் பணம் கொடுத்தவர்களும் உண்டு என்பர். நண்பர்களே, அவர்கள் அஞ்சியது ஒரு மனிதரின் பேனாவுக்கு மட்டுமா? அதை விலை கொடுத்து வாங்கக் காத்திருந்த ஆயிரக்கணக்கான கைகளுக்கு அல்லவா? வாங்குவோர் இல்லையேல் மிரட்டலுக்கு ஏது மதிப்பு?

எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன் முதலியோர் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டனர். பத்திரிகையின் உரிமம் ரத்தாயிற்று. லட்சுமிகாந்தன் 'இந்து நேசன்' என்ற ஏட்டைக் கைப்பற்றி அதே சரக்கை அதில் ஏற்றினார். 1944 நவம்பர் 8ஆம் நாள் வேப்பேரியில் கத்திக்குத்துப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். பாகவதரும் கலைவாணரும் கைதாயினர். 1945இல் இருவருக்கும் ஆயுள் முழுதும் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. தீவாந்தரம் என்றாலே மக்கள் மனத்தில் நிற்பது இந்தத் தீவுகள்தாம். அப்போது இவை ஜப்பானியர் வசம் இருந்தன. அவர்கள் இங்கு வரவில்லை, அக்கரைச் சிறையிலேயே இருந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலை பெற்றனர்.

பாகவதர் சிறையில் இருக்க, அவருடைய 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. வெளியே வந்தவருக்குப் பழைய புகழ் திரும்பவில்லை, 1959இல் மறைந்தார். எழுதியவர் உயிரிழந்தார், எழுதப்பட்டோர் வாழ்வின் இரண்டரை ஆண்டுகளை இழந்தனர். காசு கொடுத்து வாங்கிப் படித்தவர் மட்டும் கூண்டில் ஏறவே இல்லை. அவர் பெயர் எந்த ஆவணத்திலும் கிடையாது. தீர்ப்பு வந்த அன்றுகூட அதையும் வாங்கிப் படித்திருப்பார்.

சட்டம் வாளாவிருக்கிறதா என்றால், இல்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 22ஆம் பிரிவு: மணவிலக்கு விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும், அதனை அச்சிடலாகாது. மீறினால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை! கட்டிவிட்டு மிச்சத்தை எண்ணிக்கொள்ளலாம். 'நக்கீரன்' இதழின் வழக்கில் 1994இல் உச்சநீதிமன்றம், ஒருவருடைய திருமணத்தையும் குடும்பத்தையும் பற்றி அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்றது. பொது ஆவணங்களில் உள்ளவற்றுக்கு விலக்கு அளித்தது. ஆனால் நீதிமன்றத்தை எத்தனை பேர் நாட முடியும்? நடிகை சமந்தா நாடினார். 2021 அக்டோபர் 2ஆம் நாள் அவரும் நாக சைதன்யாவும் பிரிவை அறிவித்த சில நாளில், குழந்தை வேண்டாம் என்றார், கருவைக் கலைத்தார் என்றெல்லாம் அவதூறு பரவிற்று. அவர் மறுத்து அறிக்கை விட்டார். யூடியூப் சானல்கள் மீது வழக்கும் தொடுத்தார். இருவர் பிரிந்தால் பழி மட்டும் ஏன் பெண் வீட்டு வாசலிலேயே வந்து விழுகிறது?

"கலியாணத்தைப் படமெடுத்து விற்கிறார்களே, மணவிலக்கை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?" என்று விடுதியில் ஒரு நண்பர் கேட்டார். கூர்மையான கேள்விதான். கல்யாணத்துக்கு அழைத்தவர் பந்தியில் இடம் தந்தார். பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை. நாம் வாங்கிய டிக்கெட் பாட்டுக்கும் நடிப்புக்கும் உரியது. அவர் வரியைக் கட்டாமல் ஏய்த்தால் எழுதட்டும். மனைவியை அடித்தாலும் எழுதட்டும், அது குற்றம். இருவர் ஒத்துப்போகாமல் பிரிவது குற்றமன்று.

இவ்வளவும் எழுதக் காரணம் உண்டு. நம் மன்றத்தின் ஆண்டு விழாப் பட்டிமன்றத்துக்கு, "திரைத் தம்பதியர் பிரிவுக்குப் பெரிதும் காரணம் புகழா, பொருளா?" என்ற தலைப்பு முன்மொழியப்பட்டிருக்கிறது. கைதட்டல் நிச்சயம், பேசுவோர் மேடையில் பெயர்களை அடுக்குவதும் நிச்சயம். பார்வையாளர் வரிசையில் பெற்றோர் பிரிந்து வாழும் மாணவர் ஒருவராவது இருப்பார் என்பதும் நிச்சயம். நான் வேறொரு தலைப்பை எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "வம்புக்குப் பொறுப்பு எழுதுபவரா, படிப்பவரா?" செயற்குழு இன்னும் முடிவு சொல்லவில்லை. இந்தத் தலைப்பு நின்றால், எந்த அணியில் போட்டாலும் பேசச் சம்மதம்.